அங்கீகரிக்கப்பட்ட வயிறு

கனடாவின் சாஸ்கச்சுவான் மாகாணத்தில், வடக்கே எந்த ஊரில் எந்தப் பெண் ஸ்கேனுக்குப் படுத்தாலும், தெற்கே சாஸ்கட்டூனில் வெர்னா டிக்கின் கையில் தட்டுப்படுவது டாக்டர் கிரான்ட்லி ஃபேர்பெர்னின் தொப்பைதான். இது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கிற விஷயங்களில் இதுவும் ஒன்று. சிரிக்காத ஒரே ஆள் டாரில் கோவால்ச்சுக். அந்தத் தொப்பையைக் கணினிக்குள் ஏற்றியவர் அவர்.

கிரான்ட்லியின் நிறுவனமான ஃபேர்பெர்ன் ப்ரெசன்ஸ் என்ன தொழில் செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், அவரால் மட்டும் முடியாது. வடக்கே, தார்ச்சாலை தீர்ந்துபோன பிறகு வருகிற ஊர்களின் மருத்துவ நிலையங்களில் ஓர் இயந்திரக்கை நிற்கும். அதன் நுனியில் ஸ்கேன் முனை. சாஸ்கட்டூனில் ஸ்கேன் நிபுணர் வெர்னா ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் கை போகிற போக்கில் அங்கே இயந்திரக்கை போகும். அங்கே விழுகிற படம் இங்கே திரைக்கு வரும். இதில் ஒரே தொல்லை, எவ்வளவு அழுத்துகிறோம் என்பது கைக்குத் தெரிந்தாக வேண்டும். அது தெரியாமல் ஸ்கேன் எடுப்பது மரத்துப்போன நாக்கால் உப்புப் பார்க்கிற மாதிரி.

பொறியாளரான டாரில் நேர்மையாகத்தான் ஆரம்பித்தார். அங்கே இயந்திரக்கை உணர்கிற அழுத்தத்தை அப்படியே இங்கே கைப்பிடிக்கு அனுப்பிப் பார்த்தார். அது செயற்கைக்கோள் வரை ஏறி இறங்கி வருவதற்குள் வெர்னாவின் கை அடுத்த இடத்துக்குப் போயிருக்கும். பழைய அழுத்தம் வந்து புதிய கையைத் தள்ளும், கை திருப்பித் தள்ளும், அந்தத் தள்ளல் வடக்கே போய் இன்னொரு தள்ளலாகத் திரும்பி வரும். கடைசியில் கைப்பிடி தூண்டிலில் மாட்டிய மீனாகத் துடிக்கும். மாகாண அமைச்சர் ஒருவரை அழைத்து நடத்திய முதல் காட்சியில் அது துடித்த துடிப்பில் அமைச்சரின் வெள்ளைச் சட்டை முழுக்கக் காபி. கிரான்ட்லி அசரவில்லை.

"பாத்தீங்களா," என்றார் கண்கலங்க. "வடக்கு உங்ககிட்ட பேசுது!"

அமைச்சர் போன பிறகு, வடக்கு இனிமேல் பேச வேண்டாம் என்று முடிவாயிற்று. அதற்குப் பதிலாகச் சாஸ்கட்டூனிலேயே, கணினிக்குள்ளேயே, ஒரு வயிறு செய்து வைத்துவிடுவது. வெர்னாவின் கை அந்த வயிற்றைத் தொடும். அதிலிருந்து அழுத்தம் உடனுக்குடன் திரும்பும். அங்கே இயந்திரக்கை அதே ஆழத்துக்கு நிஜ வயிற்றில் இறங்கும். இரண்டு வயிறும் ஒன்றுபோல இருந்தால் யாருக்கும் வித்தியாசமே தெரியாது.

கணினி வயிற்றின் சூட்சுமம் எளிது. அதன் தோலின்மேல் ஒரு புள்ளி. கை தோலைத் தாண்டி உள்ளே இறங்கினாலும் புள்ளி இறங்காது, வெளியிலேயே நிற்கும். புள்ளிக்கும் கைக்கும் நடுவில் ஒரு ஸ்பிரிங் இருப்பதாகக் கணக்கு. கை ஆழமாகப் போகப் போக ஸ்பிரிங் பலமாக வெளியே தள்ளும். ஸ்பிரிங்கின் விறைப்பு வெறும் ஓர் எண். எண் பெரிதானால் பாறை, சிறிதானால் பஞ்சு. எதற்கும் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கிற அந்தப் புள்ளிக்கு இந்தத் தொழிலில் கடவுள்புள்ளி என்று பெயர். அந்தப் பெயரை டாரில் வாய்தவறி ஒரு கூட்டத்தில் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கிரான்ட்லியின் எல்லா உரைகளும் கடவுளில் ஆரம்பித்து முதலீட்டில் முடிந்தன.

யாருடைய வயிற்றை அளப்பது என்ற கேள்வி வந்தது. கர்ப்பிணிகளை அளக்க வேண்டுமானால் அறநெறிக் குழு கூட வேண்டும், அது கூடுவதற்குள் குழந்தை பிறந்து பள்ளிக்கூடம் போய்விடும். கிரான்ட்லி நிறுவன நிர்வாகத்தில் வாங்கிய முனைவர் பட்டத்தை முன்னிறுத்தி, மருத்துவ விஞ்ஞானத்தின் தியாகப் பரம்பரையில் தானும் ஒருவர் என்று அறிவித்தார். உள்ளூர்த் தொலைக்காட்சி வந்தது. புளித்த கிரீம் போட்டு ஒரு தட்டுப் பெரோகிக் கொழுக்கட்டையை முடித்துவிட்டு வந்து சட்டையைத் தூக்கிக்கொண்டு படுத்தார். இயந்திரக்கை அவர் வயிற்றை இஞ்ச் இஞ்சாக அமுக்கி அளந்தது. அவ்வளவு நேரமும் அவர் பேசிக்கொண்டே இருந்ததால், அளவுகளிலிருந்து உரையைப் பிரித்தெடுப்பதற்கே டாரிலுக்கு ஒரு மாதம் பிடித்தது.

"டாக்டர், ஒரு விஷயம்," என்று அப்போதே டாரில் இழுத்தார். "ஸ்கேனுக்கு வர்ற பொம்பளைங்க வயிறு முட்டத் தண்ணி குடிச்சிட்டு வருவாங்க. அடிவயிறு தவில் மாதிரி இருக்கும். உங்களுது..."

"எனக்கென்ன?"

"உங்களுது நல்லா ஓய்வா இருக்கு."

"சதைங்கறது சதைதான் டாரில். அதுல தாய் என்ன, தகப்பன் என்ன? நம்ம நோக்கம் உலகளாவியது."

மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி கொடுக்கிறவர்கள் அந்த வயிற்றை வைத்துச் சோதித்தார்கள், அந்த வயிற்றுக்கே அனுமதி கொடுத்தார்கள். அதற்கப்புறம் அதில் ஓர் எண்ணைத் தொட்டாலும் எல்லாம் முதலிலிருந்து. வரவேற்பறையில் 'தூரம் இனித் தொடும்' என்ற வாசகத்துக்குக் கீழே கிரான்ட்லி படுத்திருக்கும் புகைப்படம் ஏறியது. சட்டை தூக்கித்தான் இருக்கும்.

வெர்னாவுக்கு அந்த வயிறு ரொம்பப் பிடித்துவிட்டது. பாதி வாழ்க்கை நிஜ வயிறுகளை அமுக்கி அமுக்கி அவர் மணிக்கட்டும் தோளும் தேய்ந்துபோயிருந்தன. "இந்தக் கைப்பிடிக்கு மாறினதுக்கப்புறந்தான் டாரிலு, நானே தலை வாரிக்கறேன்," என்பார். "அதுவரைக்கும் வீட்டுக்காரர்தான் வாரிவிடுவாரு. மனுஷன் குதிரைக்கு வாரற மாதிரி வாருவாரு." மெத்தென்ற வயிற்றில் அவர் கை நாளாக நாளாகத் தளர்ந்து, இப்போது கைப்பிடியை இரண்டு விரலால் தேநீர்க் கோப்பையைப் பிடிக்கிற மாதிரிதான் பிடிப்பார்.

வடக்கிலிருந்து புகார் வரவில்லை என்று சொல்ல முடியாது. வந்தது. அது 'லேசான அசௌகரியம்' என்ற சொல்லாக மாறி, அந்தச் சொல்லோடு நின்றுவிட்டது. அங்கே இயந்திரக்கைக்குக் குளிர்க்கையன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்ற தகவலைக் கிரான்ட்லி தன் உரையில் சேர்த்துக்கொண்டார், மக்கள் பாசத்துக்கு ஆதாரமாக.

கோரீன் டூல்ஜூர் படுத்த நாள் நவம்பர் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை.

வடக்கே லூன் நேரோஸ் என்ற ஊரின் மருத்துவ நிலையத்தில் உதவியாளராக இருப்பவள் கோரீன். மற்ற பெண்களைக் குளிர்க்கையனுக்கு முன்னால் படுக்கவைத்து, ஜெல் தடவி, கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை அவளுடையது. இன்று அவளே படுத்திருந்தாள். அவள் இடத்தில் தங்கை மோனிக் நின்றாள். மோனிக்கின் கையில் சிவப்புப் பொத்தான் ஒன்று. அதை அழுத்தினால் இயந்திரக்கை விலகிக்கொள்ளும், அன்றைய ஸ்கேனும் அதோடு முடிந்துவிடும்.

முந்தைய ஸ்கேனில் நஞ்சுக்கொடி கருப்பை வாய்க்குப் பக்கத்தில் கீழே இறங்கியிருந்தது. நாள் ஆக ஆகப் பெரும்பாலும் மேலே ஏறிவிடும். ஏறிவிட்டது என்று இன்று தெரிந்தால் கோரீன் காரில் போகிற தூரத்தில் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரியிலேயே பெற்றுக்கொள்ளலாம். மோனிக் கூட இருப்பாள். பிள்ளைகள் இரண்டும் மாலையில் வந்து பார்த்துவிட்டுப் போகும். தெரியாவிட்டால், ஏறவில்லை என்றே வைத்துக்கொள்வது விதி. விமானத்தில் ஏற்றிச் சாஸ்கட்டூனுக்கு அனுப்பிவிடுவார்கள். வலி வருகிறவரை, வாரக்கணக்கில், நெடுஞ்சாலையோர மோட்டலில் தனியாகக் கிடக்க வேண்டும். புருஷன் லியோன் யுரேனியச் சுரங்கத்தில். இரண்டு வாரம் உள்ளே, இரண்டு வாரம் வெளியே. இரண்டாவது குழந்தைக்கு அப்படித்தான் போய்க் கிடந்தாள். திரும்பி வந்தபோது மூத்தவள் அவளிடம் ஒரு வாரம் பேசவில்லை.

இவ்வளவும் டாரிலுக்குத் தெரியும். கருவிச் சோதனைக்காக வாராவாரம் கோரீனிடம் பேசுகிறவர் அவர்தான்.

அன்றைக்குப் பார்த்து, பக்கத்து மாகாணமான மனிடோபாவிலிருந்து விருந்தினர்கள் வந்திருந்தார்கள். அங்கே முப்பது ஊர்களுக்குக் குளிர்க்கையன்களை வாங்குவதா என்று பார்க்க வந்தவர்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர்களோடு கிரான்ட்லி நின்றிருந்தார். இந்தப் பக்கம் வெர்னா கைப்பிடியோடு. அவருக்குப் பக்கத்தில் டாரில், மடியில் ஒரு சின்னத் திரையோடு. நிஜ வயிற்றின்மேல் நிஜமாக விழுகிற அழுத்தம் எண்ணாக ஓடுவது அந்தச் சின்னத் திரையில் மட்டும்தான். வெர்னாவுக்கு அதைக் காட்டினால் கவனம் சிதறும் என்பது கிரான்ட்லியின் கொள்கை. எண்ணைப் பார்க்கிற கை கலைஞனின் கையாக இருக்காதாம்.

"கோரீன், கண்ணு, தண்ணி குடிச்சியா?" என்றார் வெர்னா.

சற்றுப் பொறுத்துப் பதில் வந்தது. குரலுக்கும் அதே செயற்கைக்கோள்தான். "பாதி ஏரி உள்ள இருக்கு வெர்னாக்கா. மீனுங்ககிட்ட சொல்லிட்டுத்தான் எடுத்தேன். சீக்கிரம் முடிங்க, இல்லேன்னா ஏரி திரும்பிப் போயிடும்."

"இதோ முடிச்சிடலாம். மேல பாக்கறேன் மொதல்ல... தலை இருக்கு, முதுகு இருக்கு. இந்தா பாரு, கட்டை விரலை வாயில வச்சிட்டு இருக்கு."

"அப்பனைக் கொண்டிருக்கு. அவரும் சும்மா இருந்தா எதையாவது வாயில வச்சிட்டிருப்பாரு."

மோனிக் சிரிப்பது கேட்டது. வெர்னா முனையை அடிவயிற்றுக்கு இறக்கினார். டாரிலின் திரையில் எண் ஏற ஆரம்பித்தது.

வெர்னா அழுத்தவில்லை என்பதை டாரிலால் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியும். இரண்டு விரல், தேநீர்க் கோப்பை. ஆனால் பெரோகி தின்ற தொப்பையில் அந்த இரண்டு விரல் எவ்வளவு ஆழம் புதையுமோ அவ்வளவு ஆழம் அங்கே இரும்புக்கை இறங்கிக்கொண்டிருந்தது. நீர் முட்டிய, குழந்தையின் தலை அடைத்துக்கொண்ட, தவில் போன்ற வயிற்றில். எண் உச்ச வரம்பைத் தொட்டது. இயந்திரக்கை தானாகப் பின்வாங்கியது. திரையில் படம் கலைந்து சாம்பல் ஆயிற்று.

"வழுக்கிட்டுப் போயிடுச்சு," என்றார் வெர்னா. "மோனிக், ஜெல்லைத் தாராளமா ஊத்தும்மா. உங்க வீட்டுப் பணமா போகுது?"

மறுபடி இறங்கியது. மறுபடி எண் ஏறியது.

"வெர்னாக்கா," என்றது கோரீனின் குரல், பல்லைக் கடித்துக்கொண்டு. "எண்ணெய் தோண்டறீங்களா? அதுக்கு ஆல்பர்ட்டா போகணும். இங்க இல்ல."

"அடிப்போடி, நான் இன்னும் தொடவே ஆரம்பிக்கல."

"தொடாமயே இந்தக் குத்தா? தொட்டா அந்தப் பக்கம் வந்துடுவீங்க போலிருக்கே."

"பொத்தானை அமுக்கிடவாக்கா?" என்றாள் மோனிக்.

"அமுக்கினே, கையை ஒடிச்சிடுவேன். படம் வரட்டும்."

படம் வரவில்லை. வரம்பைத் தொட்டு இயந்திரக்கை மீண்டும் விலகியது. இரண்டு பெண்களும் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தொடவில்லை, இன்னொருத்திக்கு வலிக்கிறது. நடுவில் கிரான்ட்லி சட்டையைத் தூக்கிக்கொண்டு படுத்திருந்தார்.

"வெர்னா, இன்னும் கொஞ்சம் லேசா," என்று டாரில் முணுமுணுத்தார்.

"இதுக்கு மேல லேசுன்னா கையை எடுத்துடத்தாம்ப்பா வேணும். எனக்கு ஒண்ணுமே எதிர்த்து நிக்கல."

அதுவும் உண்மை. மெத்தையில் அரை விரல் ஆழமும் ஒரு விரல் ஆழமும் கைக்கு ஒன்றுதான்.

டாரில் எழுந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனார். விருந்தினர்கள் சாஸ்கட்டூன் பெர்ரிப் பழப் பணியாரத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு கடவுள்புள்ளியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கிரான்ட்லியை ஓரமாக அழைத்தார்.

"டாக்டர், அடிவயித்துக்கு மட்டும் விறைப்பைக் கூட்டணும். இன்னைக்கு மட்டும். ஒரு எண்ணுதான்."

"அது அங்கீகரிக்கப்பட்ட வயிறு, டாரில்."

"அந்தப் பொண்ணுக்கு வலிக்குது."

"லேசான அசௌகரியம்."

"வரம்பு வரைக்கும் போகுது டாக்டர். நான் பாத்துட்டிருக்கேன். படமும் விழல. படம் விழலேன்னா அவளை ஃபிளைட்டுல ஏத்திடுவாங்க."

கிரான்ட்லி டாரிலின் தோளில் கைபோட்டார். அவருக்குத் தோள்களின்மேல் தனி நம்பிக்கை. "கொஞ்சம் பெரிசா யோசிங்க. இன்னைக்கு நீங்க ஒரு எண்ணைத் தொட்டீங்கன்னா நாளைக்கு அனுமதி போச்சு. முப்பது ஊருக்குப் போகவேண்டிய தொடுதலை ஒரு பொண்ணோட மூத்திரப்பைக்காக நிறுத்தச் சொல்றீங்களா? மனசாட்சி வேணும் டாரில்." பிறகு, குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் வருத்தத்தோடு கேட்டார்: "அப்படி என்ன குறை என் வயித்துல?"

டாரில் திரும்பி வந்து உட்கார்ந்தார். மூன்றாவது முயற்சி ஆரம்பித்திருந்தது. ஒலிபெருக்கியில் கோரீன் மூக்கால் மூச்சு விடுவது மட்டும் வந்தது, அரை நொடி பழையதாக. எண் ஏறிக்கொண்டிருந்தது.

டாரில் மடியில் இருந்த விசைப்பலகையைத் திருப்பி, அடிவயிற்றின் விறைப்பை மூன்று மடங்காக்கினார்.

தொழில் தெரிந்த ஆள் அவர். எந்தக் கைப்பிடியும் ஓர் அளவுக்கு மேல் விறைப்பைத் தாங்காது, துடிக்க ஆரம்பித்துவிடும் என்பது தெரியும். தாங்குகிற எல்லைக்குக் கொஞ்சம் கீழேதான் நிறுத்தினார். ஆனால் அந்த எல்லை, கைப்பிடியை ஒரு மனிதர் இறுகப் பிடித்திருக்கும்போது அளந்தது. பிடித்த கையின் சதைதான் துடிப்பை உறிஞ்சும். இரண்டு விரலில் உறிஞ்சுவதற்கு என்ன இருக்கிறது? மெத்தைக்குப் பழக்கி அந்தக் கையைத் தளர்த்தியவரும் அவரேதான். அதை அவர் யோசித்தது எண்ணை அடித்த பிறகு.

"வெர்னா, இறுக்கிப் பிடிங்க—"

"ஏன், என்ன பண்ணே?"

கைப்பிடி துடித்தது. வெர்னா "ஆத்தீ!" என்று கையை உதறினார். உதறிய கைப்பிடி தனியாக நின்று கணினி வயிற்றின்மேல் படபடவென்று தட்டியது. அரை நொடி கழித்து அதே தட்டல் லூன் நேரோஸில், இரும்பாக, கோரீனின் அடிவயிற்றின்மேல் விழுந்தது.

அலறல் வந்தது. பிறகு பொத்தானின் ஓசை. பிறகு எல்லாத் திரைகளும் சாம்பல்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிரான்ட்லியின் குரல் கேட்டது. "பாத்தீங்களா? வடக்கு உங்ககிட்ட பேசுது!" விருந்தினர்கள் கை தட்டினார்கள்.

ஒலிபெருக்கியில் கோரீன் அழுதுகொண்டிருந்தாள். "ஏன்டி அமுக்கினே? ஏன்டி? நான் சொன்னேனா உன்கிட்ட, நிறுத்துன்னு சொன்னேனா?"

"நீ கத்தினேக்கா..."

"கத்துவேன்டி. கத்தினா என்ன? கத்திட்டுப் போறேன்."

டாரில் பழைய எண்ணைத் திரும்ப அடித்தார். யாரும் பார்க்கவில்லை. அன்றைய ஸ்கேன் 'நோயாளி அசைந்ததால் தெளிவில்லை' என்று முடிந்தது.

அடுத்த வாரமே கோரீனை விமானத்தில் ஏற்றினார்கள். சாஸ்கட்டூன் ஆஸ்பத்திரியில் அன்றைக்கு முறை வெர்னாவுடையது. வாரத்தில் சில நாள் அவர் அங்கேயும் போவார். வெறுங்கையால் முனையைப் பிடித்து, தோள் வலியோடு, ஒரே ஒரு தடவை அடிவயிற்றில் வைத்தார். நஞ்சுக்கொடி எப்போதோ மேலே ஏறிவிட்டிருந்தது. எந்தச் சிக்கலும் இல்லை. சின்ன ஆஸ்பத்திரியே போதும். ஆனால் மாதம் ஏறிவிட்ட கர்ப்பிணியை விமானத்தில் ஏற்றிச் சாஸ்கட்டூனுக்குக் கொண்டுவரத்தான் விதி இருந்தது. திருப்பி அனுப்புவதற்கு விதி எழுத யாருக்கும் தோன்றவில்லை. சாலையும் பனியில் மூடிக்கிடந்தது. மோட்டலில் அறை கொடுத்தார்கள்.

கிரான்ட்லிக்கு இது தெய்வச்செயலாகப் பட்டது. மனிடோபாக்காரர்கள், கர்ப்பிணியை அளந்து செய்த கணினி வயிறு கிடையாதா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டுவைத்திருந்தார்கள். "நிஜமான ஒரு தாய் வயிறு! ஊர்லயே இருக்கு, செலவே இல்ல. அறநெறிக் குழுவையும் பேசிக் கூட்டிட்டேன். போய்க் கேளுங்க டாரில். உங்களுக்குத்தான் பழக்கம்." கையில் ஒரு பரிசுப் பையையும் திணித்தார். உள்ளே, 'தூரம் இனித் தொடும்' என்று தைத்த கம்பளிக் குல்லா ஒன்று, குழந்தை அளவில்.

டாரில் வழியில் பெரிய காபி ஒன்றை வாங்கிக் குடித்துக்கொண்டே மோட்டலுக்குப் போனார், தைரியத்துக்கு. குளிரில் எஞ்சின் உறையாமலிருக்கக் காரின் மின்வடத்தைச் சுவரில் சொருகிவிட்டு உள்ளே நுழைந்தார். காலை உணவு அறையில் யாரும் இல்லை. வாஃபிள் சுடுகிற இயந்திரம் தனக்குத்தானே கீச்சிட்டுக்கொண்டிருந்தது. கோரீன் ஜன்னலோரம் உட்கார்ந்து லாரிகளை எண்ணாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க," என்றாள். "உக்காருங்க. ஊர்ல இருந்தா பொரிச்ச மீன் குடுப்பேன். இங்க தண்ணிதான்." காகிதக் கோப்பை நிறையத் தண்ணீர் பிடித்து அவர் முன்னால் வைத்தாள்.

அவர் குடித்தார். பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார்.

"மோனிக் பாத்துக்கறா. அவளுக்கே மசக்கை. சின்னவன் போன்ல பேசறான், முகத்தைக் காட்ட மாட்டேங்கறான். பெரியவ காட்டறா, பேச மாட்டேங்கறா. ரெண்டையும் சேத்து ஒரு முழுப் பிள்ளைன்னு வச்சிக்கறேன்." இன்னொரு கோப்பையை நிரப்பி வைத்தாள். "குடிங்க. பையில என்ன?"

குல்லாவைக் காட்டினார். அவள் அதிலிருந்த வாசகத்தைப் படித்துவிட்டு மடித்து மேசைமேல் வைத்தாள். அவர் விஷயத்தைச் சொன்னார். புதிய கணினி வயிறு, அதற்கு நிஜத் தாயின் அளவு, அளப்பதற்கு அவளுடைய சம்மதம்.

"இப்ப அதுக்குள்ள யார் வயிறு இருக்கு?"

டாரில் தண்ணீரைக் குடித்தார்.

"கேக்கறேன்ல. அன்னைக்கு வெர்னாக்கா கையில யார் வயிறு இருந்துச்சு?"

"கிரான்ட்லியோடது."

கோரீன் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், மேசை ஆடியது. "அந்தச் சட்டை தூக்கின ஆளா? போட்டோவுல இருக்கற ஆளா? கடவுளே... அப்ப எங்க பெரியம்மாவுக்கு பித்தப்பை பாத்தப்போ?"

"அவருதான்."

"நான் படுக்க வச்சேனே, அத்தனை பொம்பளைங்களுக்கும்?"

"எல்லாருக்கும்."

சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. மூன்றாவது கோப்பையை எழுந்துபோய் நிரப்பிக்கொண்டு வந்தாள். அவர் வேண்டாம் என்று கை காட்டினார். அவள் கோப்பையை நீட்டிக்கொண்டே நின்றாள். வாங்கிக் குடித்தார்.

"சரி, வர்றேன்," என்றாள். "அளந்துக்கோங்க. இல்லேன்னா என் தங்கச்சி மேலயும் அந்தாளுதான் வந்து படுப்பான். மோனிக்குக்கு ஜூன்ல. அதுக்குள்ள என் வயிறு வந்துடுமில்ல?"

"அனுமதி வாங்கணும்."

"எவ்ளோ நாள்?"

"ஒரு வருஷம். அதுக்கு மேலயும் ஆகலாம்."

"அதுவரைக்கும்?"

ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி போயிற்று.

"எனக்கு வலிக்குதுன்னு வெர்னாக்காவுக்குத் தெரியாது," என்றாள் கோரீன் மெதுவாக. கணக்குப் போடுகிறவளைப் போல. "அவங்க கையில பஞ்சு. சரி. மோனிக்குக்குத் தெரியும், அவ வாயை நான் அடைச்சிட்டேன். அதுவும் சரி. உங்களுக்கு?"

"என் திரையில எண்ணு வரும்."

"எப்பவுமே?"

"எப்பவுமே."

"மொத ஆளுலேருந்தா?"

தலையசைத்தார். அன்று எண்ணை மாற்றியதையும், கைப்பிடி துடித்தது தன்னால்தான் என்பதையும் சொன்னார். சொல்லி முடித்ததும் கொஞ்சம் இலேசாக இருந்தது, உடனே அப்படி இருந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது. அவள் அந்தப் பகுதியை அவ்வளவாகப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

"எவ்ளோ இருந்துச்சு, என் எண்ணு?"

சொன்னார்.

"எனக்கு எண்ணு தெரியாது. எழுந்திருங்க."

"எதுக்கு?"

"எழுந்திருங்கங்கறேன். அந்தச் சுவர்ல சாஞ்சு நில்லுங்க. கோட்டைக் கழட்டுங்க."

நின்றார். காபியும் மூன்று கோப்பைத் தண்ணீரும் அடிவயிற்றில் முட்டிக்கொண்டு நின்றன. அவளுக்கு அது தெரிந்துதான் இருந்தது. அவள் வேலையே அதுதான், வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைப்பது. கோரீன் கட்டை விரலை மடக்கி, அதன் கணுவை அவர் இடுப்புப் பட்டைக்குக் கொஞ்சம் மேலே வைத்தாள். பழகிய கை. சரியான இடம்.

அழுத்தினாள்.

"இவ்ளோவா?"

"இல்ல."

இன்னும் அழுத்தினாள். டாரிலின் கண்ணில் தண்ணீர் வந்தது. வாஃபிள் இயந்திரம் கீச்சிட்டது.

"இவ்ளோ?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். அவள் எண்ணையா பார்க்கப்போகிறாள்?

"இன்னும் பாதிகூட வரல," என்றார் டாரில்.

கோரீன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றக் கையைத் தன் வயிற்றுக்கு அண்டக் கொடுத்துக்கொண்டு, காலை அகட்டி ஊன்றினாள்.

"வலிச்சா சொல்லுங்க," என்றாள். "நிறுத்திடறேன். நான் பக்கத்துலதான இருக்கேன்."